அஞ்சம்மாளின் வாய்ப்பூட்டு

அஞ்சம்மாளைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. அவள் வாயை அடைத்தவளே நான்தான். ஆனாலும் என்னை விட்டால் அவளைப் பற்றி எழுத வேறு ஆள் கிடையாது.

நெல்லூர்ப் பக்கத்து உப்பளத்தில் பிறந்தவள். அங்கே கூலிக்குப் போன எங்கள் மரக்காணத்துத் தேசப்பன், வரும்போது அவளைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். உப்புப் பாத்தி இங்கேயும் அதேதான், பேச்சுதான் வேறு. அவள் கற்றுக்கொண்டது அளத்துக்கு வேண்டிய தமிழ்: தண்ணி விடு, வாரு, தூக்கு, நகரு. மனசு விட்டுப் பேச அவளுக்குத் தெலுங்குதான் வேண்டும். அதற்கு மகள் தனகோடி இருந்தாள். இருவரும் வரப்பில் நடந்து வந்தால் சிரிப்புச் சத்தம் முன்னால் வருமாம். பிள்ளை அப்பாவிடம் தமிழ், அம்மாவிடம் தெலுங்கு என்று மாற்றி மாற்றிப் பேசுமாம்.

அந்தத் தனகோடி எழுபத்திரண்டில் இரண்டாம் வகுப்புக்கு வந்தாள். ஆறு வயது. நான் லூர்துமேரி டீச்சர், பிரம்பைக் கீழே வைக்காதவள். கேட்ட கதையை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்கிற பிள்ளை, புத்தகத்தைக் கையில் கொடுத்தால் விழிக்கும். நேற்றுச் சொல்லிக்கொடுத்த எழுத்தை இன்றைக்குப் புதிதாகப் பார்க்கும். அதே வகுப்பில் மண்ணாங்கட்டி என்று ஒரு பையன். அவன் வீட்டில் தமிழ் தவிர வேறு பேச்சே கிடையாது, அவனுக்கும் இதே கதிதான். அவனைச் சோம்பேறி என்று அடித்தேன். இவளுக்கு மட்டும் பெரிய மேதாவி மாதிரி ஒரு காரணம் கண்டுபிடித்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை.

அஞ்சம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினேன். வேலையை விட்டு அப்படியே வந்து, உப்பேறிய காலோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு நின்றாள்.

"வூட்ல தெலுங்கு பேசுறதாலதான் பொண்ணுக்குப் படிப்பு ஏறல. இனிமே அதுகிட்ட தெலுங்குல ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பேசாத இருந்தா படிச்சிடுமா, டீச்சர்?"

"கண்டிப்பா படிச்சிடும்."

நான் சொன்னது யோசனை. அவள் அதை வேண்டுதலாக்கிவிட்டாள். அன்றைக்கே திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போய், மகள் புத்தகத்தைப் பார்த்து ஒரு பாடம் படிக்கிறவரை அவளிடம் தெலுங்கு பேசுவதில்லை என்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். டீச்சர் பேச்சை மீறலாம். அம்மனுக்கு முடிந்ததை மீறினால் பிள்ளைக்குத்தான் ஏதாவது ஆகும் என்று அவளுக்குப் பயம்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் 'வா, சாப்புடு, தூங்கு' அவ்வளவுதான். பிள்ளை முதலில் தெலுங்கிலேயே கேட்டுக் கேட்டு அழுதது. பதில் வராமல் போகவே கேட்பதை விட்டுவிட்டது. பிள்ளைக்கு அம்மை போட்டிருந்த நாட்களில்கூட அஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேப்பிலையால் விசிறினாளாம்.

தேசப்பன் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே சண்டைக்கு வந்துவிட்டார். "என் பொண்டாட்டிய ஊமையாக்கிட்டீங்களே டீச்சர்! எங்கிட்டகூட தெலுங்குல பேச மாட்டேங்குது. புள்ள காதுல வுழுந்துடுமாம்."

படிப்பு வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றேன். படிப்பு வரவில்லை. அது வராமல் வேண்டுதல் தீராது, வேண்டுதல் தீராமல் அவள் வாய் திறக்காது. ஐந்து வருஷம் அப்படியே போனது.

எழுபத்தேழில் புதுச்சேரியில் ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. ஒரு டாக்டரம்மா பேசினார். கண், காது, புத்தி எல்லாம் சரியாக இருந்தும் எழுத்து மட்டும் பிடிபடாத பிள்ளைகள் உண்டு, வீட்டில் இரண்டு பாஷை பேசுவதற்கும் அந்தக் குறைக்கும் சம்பந்தமே இல்லை என்றார். எழுந்து தனகோடியைப் பற்றிச் சொன்னேன்.

"தெலுங்குல நல்லா பேசுவாளா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

"அவங்க அம்மாவக் கேட்டீங்களா?"

நான் கேட்டதே இல்லை. கட்டளைதான் போட்டிருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அளத்துக்குப் போனேன். தப்பு என்னுடையது, பொண்ணுகிட்ட பேசு அஞ்சம்மா என்று கெஞ்சினேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"உங்களுக்கா வேண்டிக்கினேன்? அம்மனுக்கு."

வேறு வழி தெரியாமல் பொய்யில் இறங்கினேன். முதல் பாடத்தைத் தனகோடிக்கு வாயாலேயே சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தடவையில் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கோயிலில் புத்தகத்தை விரித்துப் பிடித்துக் கடகடவென்று ஒப்பித்தாள். "படிச்சிட்டா" என்று அம்மன் எதிரில் கூசாமல் சொன்னேன். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

அஞ்சம்மாள் மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டாள். மகளின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அழுதாள், சிரித்தாள், மூச்சு விடாமல் பேசினாள். அவள் இவ்வளவு பேசக்கூடியவள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தனகோடி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா என்னா சொல்லுது, டீச்சர்?"

எனக்குத் தெலுங்கு தெரியாது.