சூசையின் வெள்ளிக்கிழமைகள்

மாரியம்மன் கோயில் வாசலில், நெற்றி நிறையத் திருநீறோடு சூசை செத்துக் கிடந்தானாம். கோயில் பண்டாரம் சொல்லி லாரிக்காரன் கேட்டு, லாரிக்காரன் சொல்லி டீக்கடை மஜீது கேட்டு, மஜீது சொல்லி ரோசி கேட்டாள். கட்டிய பெண்டாட்டிக்குப் புருஷன் செத்த சேதி மூணு வாய் மாறித்தான் வந்து சேர்ந்தது.

அவள் தம்பி பிள்ளையின் ஞானஸ்நானத்துக்காக மகள் லூர்துவோடு உடும்பஞ்சோலைக்குப் போயிருந்தாள். சூசைக்கு உடம்பு மோசம், உடனே வரவும் என்று எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கியபோது மஜீது கடையை விட்டு வெளியே வந்து முக்காலியை எடுத்துப் போட்டார். மீனாட்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்து கடை வைத்தவர்.

"உக்காருங்க தங்கச்சி. நான் கண்ணால பாக்கலீங்க, கேட்டதுதானுங்க. ஏசு செத்த கிழமைன்னு வெள்ளிக்கிழமை முட்டை போட்ட பன்னைக்கூடத் தொடாத மனுசனுங்க அவரு. திருநீறு பூசுனாருன்னா நம்புற மாதிரியா இருக்குது? ஆனா ஊரே சொல்லுதுங்க."

ரோசிக்கு முதலில் அழுகை வரவில்லை. பூசியிருப்பாரோ என்ற நினைப்புத்தான் வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்தாள்.

சூசைக்குப் பிறந்தபோது வைத்த பெயர் சோலை. ஐந்து வயதில் அக்கா குருவம்மாளின் இடுப்பில் உட்கார்ந்து போடி வழியாக மலையேறினான். அந்த வருஷமே தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய்விட, பதினாலு வயசு அக்கா கொழுந்து பறித்து அவனை வளர்த்தாள். வளர்ந்து கவாத்துக்காரன் ஆனான். அவன் வெட்டிவிட்ட தேயிலைச் செடியின் மேல் தட்டை வைத்துச் சோறு சாப்பிடலாம் என்பார்கள், அவ்வளவு மட்டமாக இருக்கும்.

ரோசியைக் கட்டுவதற்காக ஆறு மாதம் ஜெப மந்திரம் படித்து ஞானஸ்நானம் வாங்கினான். "பொண்ணு கிடைச்சதும் சிலுவையைக் கழட்டிருவான் பாருங்க" என்று லயத்தில் கேலி பேசினார்கள். பன்னிரண்டு வருஷமாகக் கழற்றவில்லை. எழுத்துத் தெரியாதவன், ரோசியிடம் ஜெபப் புத்தகத்தை வைத்தே எழுத்துக் கற்றான். சாயங்காலம் அடுப்படியில் விரல் வைத்து வாசிப்பான். தப்பாக வாசித்தால் லூர்து சிரிப்பாள். "சிரி, சிரி. சங்கீர்த்தனமும் சந்தோசத்துக்குத்தான் எழுதியிருக்கு" என்பான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளுக்குத் தலை பின்னிவிடுவது அவன் வேலை. கவாத்துக் கத்தி பிடித்த கை, இழுத்துப் பின்னினால் பிள்ளையின் புருவமே மேலே ஏறிவிடும்.

அக்கா மட்டும் மாரியம்மனை விடவில்லை. அவனும் விடச் சொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நிழல் மரத்துக் கிளை முறிந்து விழுந்ததில் அவளுக்கு இரண்டு காலும் விளங்காமல் போயிற்று. அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வேலை விட்டு வந்ததும், கம்பளியை மடித்து முதுகில் போட்டு, அதன்மேல் அவளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவான். படியேறி வாசலுக்குள் இறக்கிவிட்டு, கீழ்ப்படிக்கு வந்து கோயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவான். பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு, "தூக்கிட்டுப் போ, உள்ள மட்டும் போகாத" என்று சொன்னாராம். அதை ரோசியிடம் சொன்னவனும் அவன்தான். சாட்சி வேறு யாரும் இல்லை.

வீட்டில் அவனைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நெற்றி சுத்தமாக இருந்தது. கைக்குள் ஜெபமாலை. ரோசி அப்போதுதான் அழுதாள். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் உபதேசியார் ரத்தினசாமி கூப்பிட்டார். சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் சொல்வதும் கல்லறைத் தோட்டத்துச் சாவியும் அவர் பொறுப்பு. கெட்டவர் இல்லை, பயந்தவர். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் தானாக முடிவெடுத்துச் சாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"நல்ல மனுசன்தான், நான் இல்லைங்கல. ஆனா சாகுறப்ப சாமியார் தைலம் பூசுற அவஸ்தைப்பூசுதல் வாங்கல. கோயில் வாசல்ல திருநீறோட கெடந்ததை ஊரே பாத்திருக்கு. மந்திரிச்ச கல்லறை மண்ணுல வைக்க நான் யாரும்மா?"

"சாம்பல் புதனன்னைக்கு நீங்களுந்தான் நெத்தியில சாம்பலோட திரியிறீக. ஒங்கள எங்க வைக்கிறது?" என்றாள் ரோசி.

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமினார்கள்.

"டவுனுக்குப் போன் போட்டுச் சாமியார்கிட்ட கேக்கணும். நாலு மணிக்குள்ள அவரு வாக்கு வந்தா உள்ள. இல்லைன்னா கல்லறை வேலிக்கு வெளிய. மழை வேற கட்டி நிக்குது."

வேலிக்கு வெளியே தூக்கு மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர் கிடந்தார்கள். சிலுவை கிடையாது, பெயர் கிடையாது. கல்லறைத் திருநாளில் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே மெழுகுத்திரி ஏற்றும்போது லூர்து மட்டும் வேலிக்கு வெளியே நிற்பாள். ரோசி அதைத்தான் யோசித்தாள்.

குருவம்மாள் மூலையில் சாக்கின்மேல் கிடந்தாள். நேற்றிலிருந்து வாயே திறக்கவில்லையாம். ரோசி அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"மதினி, அவுக திருநீறு பூசுனாகளா?"

"நான்தான் பூசினேன்."

வெளியே நின்றவர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கான்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா படியில சாஞ்சு கெடக்கான். நகந்து நகந்து எறங்கினேன். தண்ணி இருந்தா தண்ணி குடுத்திருப்பேன். கையில இருந்தது அதுதான். சின்னப்பிள்ளையில காய்ச்சல்ல கெடந்தப்பவும் அதத்தான் பூசினேன், எந்திரிச்சான். வேணாம்னு சொல்லக்கூட அவனுக்கு வாய் எழும்பல தாயி."

"இதை ஏன் இவுககிட்டச் சொல்லல?"

"கேட்டாகளா? ஒங்க சபைக் காரியத்துல நொண்டிக்கு என்ன பேச்சு?"

ரோசி எழுந்து கொடியில் கிடந்த சூசையின் கம்பளியை எடுத்தாள். மடித்து முதுகில் போட்டுக் குனிந்தாள்.

"ஏறுங்க. போன் இருக்குற ஆபீசுக்குப் போவோம். சாமியார்கிட்ட நீங்களே சொல்லுங்க."

"ஒன்னால முடியாது தாயி."

"ஆறு வருசம் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

பார்த்தது வேறு, சுமப்பது வேறு. முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. குருவம்மாள் காதருகே, "எடது கையைக் கொஞ்சம் கீழ குடு. அவன் அப்படித்தான் பிடிப்பான்" என்றாள். அப்படிப் பிடித்ததும் சுமை சற்று இறங்கினாற்போல் இருந்தது. பின்னாலேயே வந்த உபதேசியார் இரண்டு தரம் கை நீட்டினார். ரோசி திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் தரம் அவர் கேட்காமலே குருவம்மாளின் கால்களைத் தாங்கிக்கொண்டார். மீதி அரை மைல் அப்படியே போனார்கள்.

ஆபீசைப் பூட்டக் கிளம்பிய, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர், இவர்கள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்துச் சாவியைத் திரும்ப மேஜையில் வைத்தார். டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றி எக்சேஞ்சைப் பிடித்து, டவுன் சாமியார் வீட்டைக் கேட்டார். மணி மூன்று நாற்பது.

"பெல்லு போகுது. ஆள் எடுக்கல."

மறுபடி போட்டார். எடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், சாமியார் வேறு எஸ்டேட்டுக்கு நோயாளியைப் பார்க்கப் போயிருக்கலாம். சமையல்காரர் தோட்டத்தில் இருக்கலாம். ரைட்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நாலுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கூரைத் தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. ரிசீவரைக் கீழே வைக்கப்போன ரைட்டரை உபதேசியார் தடுத்தார்.

"இன்னொரு தடவை போடுங்க ரைட்டரே. கடிகாரத்தைப் பாக்காதீக."

ரைட்டர் சுற்றினார். இந்தத் தடவை ரோசி ரிசீவரை வாங்கிக் குருவம்மாளின் காதில் வைத்தாள். போனைத் தொட்டே பழக்கமில்லாதவள் இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டாள்.

"என்னமோ அடிக்குது தாயி. யாரும் பேசலையே?"

"அங்க மணி அடிக்குது மதினி. பேசுவாக. கையை எடுத்துராதீக."

குருவம்மாள் கையை எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.