மாப்பிள்ளையின் ஆபீஸ்

பார்யந்தோ ஆபீசில் வேலை பார்க்கிறான் என்று சொன்னதால்தான் மர்சூதி அவனுக்குப் பெண் கொடுத்தார். அது முழுப் பொய்யும் இல்லை. வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு ஜாவாத் தீவின் ஜோக்ஜாகர்த்தா நகரத்தையும் சுற்றியுள்ள கிராமங்களையும் காட்டும் அந்தக் கம்பெனிக்கு ஓர் ஆபீஸ் இருந்தது. அதன் கழிப்பறையில்தான் அவன் தினமும் காலையில் சட்டை பேண்ட்டைக் கழற்றிவிட்டு, பின்புறம் பஞ்சு வைத்த கால்சட்டைக்குள் நுழைவான். சாயங்காலம் திரும்பவும் சட்டை, பேண்ட், பெல்ட், மோட்டார் சைக்கிள். அந்தக் கால்சட்டையை அவன் மனைவி வெனிங் துவைத்து, கொல்லைக் கொடியில் ஒரு துண்டுக்கு அடியில் ஒளித்து உலர்த்துவாள். ஆறு வருடம் இப்படியே ஓடியது.

மாமனாருக்குச் சைக்கிள் என்றாலே ஆகாது. நாற்பது வருடம் சைக்கிளில் தேங்காய் மூட்டை கட்டி நகரத்துச் சந்தைக்கு மிதித்தவர். "இந்த வீட்ல சைக்கிள் மிதிச்சது என்னோட போச்சு. எம்பொண்ணைச் சைக்கிள்காரன் கையில குடுக்க மாட்டேன்" என்று ஊரறியச் சொல்லியிருந்தார். அப்பேர்ப்பட்டவரிடம் போய், மாமா, நானும் மிதிக்கிறவன்தான், என்ன, மூட்டைக்குப் பதிலாகப் பின்னால் வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த வெள்ளைக்காரர்கள் வேறு பெரும்பாலும் ஹாலந்துக்காரர்கள். சொந்த ஊரில் சைக்கிளிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பதினாறு மணி நேரம் விமானத்தில் வந்து இறங்கி, இங்கேயும் மிதிக்கிறார்கள். வேண்டுதல் என்றாலாவது ஓர் அர்த்தம் உண்டு.

முதல் நாள் காலையில் அவர்களுக்குப் பார்யந்தோ ஒரு பிரசங்கம் செய்வான். "எங்க ஜனங்க மனசு அப்படி. ரோட்ல போற முன்பின் தெரியாதவங்களைக்கூட 'உள்ள வந்துட்டுப் போங்க'ன்னு கூப்பிடுவாங்க. மனசாரக் கூப்பிடுவாங்க." எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஜாவா பாஷையிலேயே சொல்லிக் காட்டுவான். விருந்தினர்கள் கண் கலங்குவார்கள். நடப்பு என்னவென்றால், வாசலில் நிற்பவர் 'வந்துட்டுப் போங்க' என்பார், போகிறவர் 'இன்னொரு நாள் வர்றோம்' என்பார், இருவரும் நிம்மதியாக அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஒருவரும் உள்ளே போவதில்லை. இந்தப் பிற்பாதியை அவன் சொல்வதில்லை. சொன்னால் யார் கண் கலங்குவார்கள்?

போன மழையில் மூங்கில் பாலம் அடித்துக்கொண்டு போனது. கம்பெனியை நடத்தும் லராசதி வேறு வழி போட்டாள். அது மர்சூதி வீட்டு வாசல் வழியே போனது.

"அந்தப் பக்கம் வேணாம்க்கா. ரோடு பூரா குண்டும் குழியும். பெருவாத்து வேற துரத்தும்."

"துரத்தட்டும்ப்பா. அதையும் போட்டோ எடுப்பாங்க."

வேறு வழியில்லாமல் பார்யந்தோ ஒரு திட்டம் போட்டான். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் ஊர் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். அந்த நேரத்தில் தெருவைக் கடந்துவிட்டால் தீர்ந்தது. தன் தொழுகை போவதைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை.

ஆனால் ஹெண்ட்ரிகா என்ற ஓய்வுபெற்ற டீச்சரம்மா வயலில் வாத்து மேய்ப்பதைப் பார்த்து இறங்கிவிட்டாள். ஒவ்வொரு வாத்தையும் தனித்தனியாகப் படமெடுத்தாள். அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது தொழுகை முடிந்து, மர்சூதி லுங்கியும் கறுப்புத் தொப்பியுமாகத் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

பார்யந்தோ ஹெல்மெட்டைப் புருவம் வரை இழுத்துவிட்டான். துணியால் மூக்கையும் வாயையும் மூடினான். ஐந்து வெள்ளைக்காரர்கள் வாசலைக் கடந்தால் கண்ணியமான எந்த மனிதரும் செய்வதை மர்சூதியும் செய்தார்.

"உள்ள வந்துட்டுப் போங்க!"

ஹெண்ட்ரிகா பிரேக் பிடித்தாள். "பார்யந்தோ! நீங்க சொன்ன அதே வார்த்தை! மனசாரத்தானே கூப்பிடறார்?"

இல்லை, பேச்சுக்கு என்று சொன்னால் பிரசங்கம் பல்லிளித்துவிடும். "ஆமா" என்றான் பார்யந்தோ.

ஐந்து பேரும் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். மர்சூதி அவசரமாக உள்ளே பார்த்து டீக்குக் குரல் கொடுத்தார். பிறகு டீ வந்தது, அவித்த வேர்க்கடலை வந்தது. கடைசியில் அவர் பார்வை வழிகாட்டியின் பக்கம் வந்தது. ஹெல்மெட், துணி, பஞ்சுக் கால்சட்டை, கறுத்துப்போன முழங்கால். பார்யந்தோவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"தம்பிக்கு எந்த ஊருங்க?" என்றார் மர்சூதி, யாரோ ஒருவரிடம் கேட்பதுபோல.

"பக்கத்துலதாங்க ஐயா."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சுங்க."

"சந்தோஷம். எம்மாப்பிள்ளையும் டவுன்லதான். ஆபீஸ் வேலை. வெயில்ல அலையற தொல்லையே கிடையாது."

"என்ன சொல்றார்?" என்றாள் ஹெண்ட்ரிகா. அதையும் அவனே அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஐயோ பாவம்! நாள் முழுக்க நாற்காலியிலயா?"

"உங்க மாப்பிள்ளை பாவம்ங்கறாங்க ஐயா."

"பாவந்தான்" என்றார் மர்சூதி, கடலையை உரித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை வெனிங்கோடு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டிய முறை. பார்யந்தோ இஸ்திரி போட்ட சட்டையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்றோடு மானம் போகிறது என்று முடிவே கட்டிவிட்டான்.

"வாங்க மாப்ளே. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியோ?"

"கொஞ்சம், மாமா."

"வெள்ளிக்கிழமை ஒரு சைக்கிள்காரத் தம்பி வந்திருந்தான். நல்ல புள்ள. உங்க ஆபீஸ் பக்கம் கண்ணுல பட்டா ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க மாமா."

"சீட்டை ரெண்டு விரக்கடை ஏத்தி வெக்கச் சொல்லுங்க. இல்லேன்னா முட்டி போயிடும், எனக்குப் போன மாதிரி." மர்சூதி தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "சந்தைக்குப் போறப்பல்லாம் பாக்கறேன். ஆறு வருஷமா தாழ்வாத்தான் வெச்சிருக்கான்."

"சொல்லிடறேன் மாமா" என்றான் பார்யந்தோ.