அறுபதைத் தாண்டாத மொனிட்டர்

மொனிட்டர் வந்த அட்டைப் பெட்டியை மான் தின்றுவிட்டது. கொழும்பில் இருக்கும் என் மேலாளரிடம் பிறகு இதைச் சொன்னபோது அவர் நம்பவேயில்லை. திருகோணமலை நகரத்தில் மான்கள் மாடுகளைப்போல ரோட்டில் திரியும் என்பதும், சந்தைக் கழிவு, சுவரொட்டி, அட்டை என்று வாய்க்கு எட்டிய எதையும் விட்டுவைக்காது என்பதும் அந்த மனுசிக்கு எப்படித் தெரியும்? பெட்டியை வாசற் படலைக்கு வெளியே வைத்தது நான்தான். அதன் அடியில் விளக்கப் புத்தகம் கிடந்ததைக் கவனிக்காமல் விட்டதும் நான்தான். திரும்பிப் போய்ப் பார்த்தபோது, கொம்பு வைத்த ஒரு துரை பல மொழிகளில் அச்சடித்த அந்தப் புத்தகத்தை ஆறுதலாக மென்றுகொண்டு நின்றார். கையை ஓங்கிக் கலைத்தேன். பின்னட்டையையும் வாயில் கவ்விக்கொண்டுதான் போனார்.

என் வேலையைச் சொன்னால் ஒருவரும் மதிப்பதில்லை. கைத்தொலைபேசியில் விளையாடுகிற விளையாட்டுகளைச் செய்யும் ஒரு கொம்பனி அது. படம் ஓடும்போது எங்கேயாவது தடக்குகிறதா, நடுங்குகிறதா, இழுபடுகிறதா என்று உற்றுப் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். "அப்ப நாள் முழுக்க கேம் விளையாடுறதுக்கே சம்பளம் தாறாங்கள்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஓம், தருகிறார்கள். உங்கள் கண் எரிகிற அளவுக்கு ஒரே பூனை ஒரே மதிலில் பாய்வதைக் காலையிலிருந்து பின்னேரம்வரை பார்த்துவிட்டு வந்து பிறகு கேளுங்கள்.

கலியாணம் கட்டும்போது நான் கொழும்பில் இருந்தேன். மாப்பிள்ளை திருகோணமலை. உள்துறைமுகப் பக்கம் போட் எஞ்சின் திருத்துகிறவர். சல்லி, நிலாவெளிக் கரைகளிலிருந்து எஞ்சினைக் கழற்றித் தூக்கிக்கொண்டு இவரிடம்தான் வருவார்கள். கொழும்பில் அவருக்கு மூன்று நாளுக்கு மேல் மூச்சு விட ஏலாது. ஆகவே முதல் இரண்டு வருடமும் எங்கள் குடும்ப வாழ்க்கை பஸ்ஸில்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை வந்து, ஞாயிறு பின்னேரம் சில்லுப் பூட்டிய ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போவேன். அந்தச் சில்லுகள் ரோட்டில் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டால் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது என்று விளங்கும்.

பிறகு ஒருவழியாக வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டார்கள். நகரத்தில் ஒரு கடையில் லப்டொப் வாங்கினேன். பயணப் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. அதற்குப் பிறகு நாங்கள் ஒழுங்காகச் சண்டை பிடித்து, ஒழுங்காகச் சமாதானமாகி, ஒரு வீட்டில் வாழ்கிற சனங்களாக மாறினோம்.

அந்த வாழ்க்கைக்குத்தான் இந்த மொனிட்டர் உலை வைக்கப் பார்த்தது. சாதாரணத் திரை விநாடிக்கு அறுபது தடவை படத்தைப் புதுப்பிக்கும். இது நூற்று நாற்பத்து நான்கு தடவை. அறுபதில் ஒளிந்துகொள்கிற நடுக்கமெல்லாம் இதில் அப்பட்டமாகத் தெரியும். வெளிநாட்டு வாடிக்கையாளர் இனி எல்லாவற்றையும் நூற்று நாற்பத்து நான்கில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். கொம்பனி ஆளுக்கொரு மொனிட்டர் அனுப்பியது. திங்கட்கிழமை காலை மேலாளர் வீடியோவில் வந்து ஒவ்வொருவருடைய திரையையும் பார்ப்பார். திரையில் அந்த எண் வராதவர்கள் மறுநாளிலிருந்து கொழும்பு ஆபீசுக்கு வர வேண்டும். "உங்கட வீட்டில் சரிவராட்டி என்ன, இங்கே உங்கட கதிரை அப்படியேதான் இருக்கு" என்று தேன் ஒழுகச் சொன்னார். எனக்கு அந்தக் கதிரையைத் தூக்கிக் கடலில் போட வேண்டும்போல இருந்தது.

மொனிட்டரை மேசையில் வைத்து, தடித்த எச்.டி.எம்.ஐ. வயரை லப்டொப்பில் செருகினேன். படம் வந்தது. அழகான படம். உள்ளே போய்ப் பார்த்தால் எண் அறுபது. தெரிவு செய்வதற்கு வேறு எண் எதுவும் இல்லை. ஒரே ஒரு வேட்பாளர் நிற்கிற தேர்தல் மாதிரி அறுபது மட்டும் இளித்துக்கொண்டு நின்றது.

டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன். லப்டொப்பை மூடித் திறந்தேன். வயரைத் தலைகீழாக மாற்றிச் செருகினேன். மொனிட்டருக்குப் பின்னால் இருந்த குமிழை அமத்தியபோது மெனு சீன மொழிக்கு மாறியது. அதைத் திருப்பி எடுக்கவே ஒரு முழு வெள்ளிக்கிழமைக் காலை போனது. விளக்கப் புத்தகம் மானின் வயிற்றில் இருந்தது. கொதியில் அந்த மானை நான் திட்டிய திட்டு இங்கே எழுதக்கூடியதல்ல.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். அறை வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கிறீஸ் கையோடு என் லப்டொப்பைத் தொடக்கூடாது என்பது வீட்டில் நான் போட்ட முதற் சட்டம்.

"என்னப்பா, இன்னும் சரிவரேல்லையா?"

"அறுபதிலேயே நிக்குது."

"படம் நல்லாத்தானே தெரியுது. அறுபதுக்கும் நூத்தி நாப்பத்தி நாலுக்கும் அப்பிடி என்ன வித்தியாசம்?"

"இருநூத்திச் சொச்சம் கிலோமீற்றர். நீங்கள் இஞ்ச, நான் கொழும்பில."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு, "கறியைச் சூடாக்கட்டா?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகாதே என்று ஒரு சொல் சொன்னால் இந்த மனிதருக்கு நாக்கு அழுகிவிடுமா? அந்த இரண்டு வருடத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் அதைச் சொன்னதில்லை. பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைப்பார், தண்ணிப் போத்தல் வாங்கித் தருவார், "கவனமாப் போ" என்பார். அவ்வளவுதான். நான் போனால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறாரோ என்றுகூட எனக்கு ஓடியது.

அன்று பின்னேரம் இணையத்தில் கிண்டிக் கிண்டி ஒருவாறு விசயத்தைப் பிடித்தேன். என் லப்டொப்பின் எச்.டி.எம்.ஐ. பழைய வகை. இந்த மொனிட்டருக்கு அதால் அறுபதுக்கு மேல் தள்ள ஏலாது. ஆனால் அதே லப்டொப்பின் இடது பக்கத்தில் டைப்-சி என்று சின்ன நீளவட்ட ஓட்டை ஒன்று இருக்கிறது, அதில் செருகினால் முழு வேகமும் வரும் என்று போட்டிருந்தது. இடது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சார்ஜர் ஓட்டை இருந்தது. எச்.டி.எம்.ஐ. இருந்தது. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக, மழமழவென்று, விரலுக்குத் தட்டுப்படாமல் சமமாக இருந்தது. ஓட்டை இல்லை.

கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார். ஓட்டை உள்ள லப்டொப் என்று சொல்லி, ஓட்டை இல்லாத மலிவான ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை லப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். கடைக்காரர் கிண்ணியாவிலிருந்து தினமும் வந்து போகிற முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா. ஏற்கெனவே அங்கே நாலைந்து பேர் நின்றார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"நானா, நீங்கள் எனக்குத் தந்த லப்டொப்பில ஒரு ஓட்டை குறையுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, லப்டொப் என்ன வடையா, ஓட்டை வச்சொண்டும் வைக்காமலொண்டும் சுடுறதுக்கு?"

நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"சிரிக்கிற கதையில்ல நானா. ஓட்டை இல்லாததைத்தான் தந்திருக்கிறீங்கள்."

"சரி, இஞ்ச தாங்க, பாப்பம்."

"தரமாட்டன். உள்ளுக்கு கொண்டுபோய் மாத்திப்போட்டு, முதலே இப்பிடித்தான் எண்டுவீங்கள்."

"அல்லாவே. பாக்கவும் விடமாட்டீங்க, ஓட்டையும் வேணும் எண்டுறீங்க. அப்ப நான் எங்க போய் ஓட்டை போடுறது?"

அதற்குமேல் அங்கே நிற்க என் மானம் இடம் தரவில்லை. உங்களை விடமாட்டேன் என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். விடாமல் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து இவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். வடைக் கதையைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. இவர் எழும்பினார். கொடியில் கிடந்த சேர்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். இவர் கோபப்பட்டு நான் கண்டதே குறைவு. எனக்காக ஒரு மனிதர் சேர்ட்டின் கையை மடித்துவிடுகிறார் என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனது.

"வா போவம். ஆர் அவர் உன்னை நக்கலடிக்கிறதுக்கு? எந்த ஓட்டை இல்லையாம்?"

"இந்தா, இதில இருக்க வேணும்." இடது பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு மெல்லக் கதிரையில் உட்கார்ந்து, மடித்த கையை அவிழ்த்துவிட்டார்.

"அது... இருக்கு."

"எங்க இருக்கு?"

"உள்ளுக்கு இருக்கு. நான்தான் அடைச்சனான்."

எங்கள் கரையில் பாவிக்காத ஓட்டையைத் திறந்து வைத்தால் அது செத்தது. உப்புக்காற்று உள்ளே போய் ஒரு மாரிக்காலத்துக்குள் எல்லாவற்றையும் தின்றுவிடும். ஆகவே கடலில் தொழில் செய்கிறவர்கள் எஞ்சின், ரேடியோ, டோர்ச் எதிலும் சும்மா இருக்கிற ஓட்டைக்குக் கொஞ்சம் கிறீஸ் வைத்து, மேலே றப்பரால் அடைத்துவிடுவார்கள். இவர் இதில் இன்னும் ஒரு படி மேல். எங்கள் வீட்டில் பாவிக்காத பிளக் ஓட்டைகூடத் திறந்திருக்காது. அடைபடாத ஓட்டை என்றால் என் வாய் ஒன்றுதான். ஆனால் தொடக்கூடாது என்று சட்டம் போட்ட லப்டொப்பிலும் கைவைத்திருப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதுவும் என்ன வேலைப்பாடு! அளவெடுத்து, ஓரம் சீவி, கொம்பனியே செய்து அனுப்பியதுபோல இருந்தது.

"லப்டொப் என்ன போட் எஞ்சினா?"

"உப்புக்காத்து அப்பிடிப் பாத்தா வருது?"

"கேக்க வேணாமா என்னட்ட?"

"கேட்டா விட்டிருப்பியா?"

ஒரு குண்டூசியால் குத்தி அந்த றப்பர்த் துண்டை இழுத்தெடுத்தார். பின்னால் வெள்ளைக் கிறீஸ் பற்பசை மாதிரிப் பிதுங்கியது. நான் டோர்ச் பிடித்தேன், அவர் ஸ்பிரிட்டும் சின்னத் தூரிகையுமாகக் கழுவினார். இடையிடையே நான் ஏசினேன். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார்.

இனி அந்த ஓட்டைக்கேற்ற வயர் வேண்டும். நகரத்தில் அது இருக்கக்கூடிய கடை ஒன்றுதான். நான் போகமாட்டேன் என்றேன். யார் அடைத்தாரோ அவரே போகட்டும்.

அவர் மோட்டார் சைக்கிளில் போன பிறகு எனக்குத் திரும்பவும் பயம் பிடித்தது. கிறீஸ் குளித்த ஓட்டை வேலை செய்யுமா? செய்யாவிட்டால் செவ்வாய்க்கிழமை நான் கொழும்பில். வரட்டும், வந்து பார்க்கட்டும் என்ற கொதியில் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இழுத்து இறக்கி வீட்டு ஹோலின் நடுவில் வைத்தேன். அது நேராக நிற்காமல் ஒரு பக்கம் சரிந்தது. நான் அதை அறை வாசலோரச் சுவரோடு சாய்த்துவிட்டுப் போனேன்.

அவர் வயரோடும் ஒரு பேப்பர்ச் சரையோடும் வந்தார். சரைக்குள் இரண்டு உழுந்து வடை.

"நானா தந்துவிட்டவர். ஓட்டை சரியா இருக்கோ எண்டு பாத்து எடுக்கட்டாம்."

பெட்டியையும் பார்த்தார். அதைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போனார். அப்போதும் அந்தப் போகாதே வரவில்லை.

முதல் தரம் செருகியபோது திரை கறுப்பாகவே இருந்தது. அவர் திரும்பவும் கழுவினார், மின்விசிறிக்கு நேரே பிடித்துக் காயவைத்தார். அடுத்த தரம் படம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். அறுபது, நூறு, நூற்று இருபது, நூற்று நாற்பத்து நான்கு. கடைசி எண்ணைத் தெரிவு செய்து மௌசை அசைத்தேன். எண்ணெயில் வழுக்குவதுபோல அம்புக்குறி போனது. எனக்குக் கண் கலங்கியது. "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்ல" என்றபடி அவர் இரண்டாவது வடையையும் எடுத்தார்.

திங்கட்கிழமை மேலாளர் பார்த்தார், எண்ணை வாசித்தார், சரி என்றார். மொனிட்டர் வந்த பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். அப்போதுதான் மான் கதையைச் சொல்ல வேண்டி வந்தது.

அழைப்பு முடிந்ததும், பயணப் பெட்டியைத் திரும்ப அலுமாரியில் ஏற்றலாம் என்று ஹோலுக்குப் போனேன். இழுத்தால் வரவில்லை. கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சில்லின் றப்பர் பாதி இல்லை. கத்தியால் வெட்டிய வெட்டு. மேசையில் கிடந்த அடைப்புத் துண்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கறுப்பு, அதே வரி.

அவர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கட எஞ்சின் கடையில றப்பருக்குப் பஞ்சமா?"

"இல்லையே. நிறையக் கிடக்கு."

"அப்ப ஏன் என்ர பெட்டிச் சில்லை வெட்டினனீங்கள்? எனக்கு எப்பவாவது தேவைப்பட்டிருந்தா?"

அவர் செருப்பைக் கொழுவினார். என்னைப் பார்க்கவில்லை.

"தேவைப்படக்கூடாது எண்டுதான் வெட்டினனான்."

அவர் போன பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படலைக்கு வெளியே வைத்தேன். அதை மான் தின்னாது. குப்பை லொறிதான் வர வேண்டும்.