மாத்திரை அட்டை நட்சத்திரம்

அந்த டிசம்பரில் கிறிஸ்மஸ் மரத்துக்காகக் கடையில் எதையும் வாங்குவதில்லை என்று அம்மா முடிவு செய்திருந்தார். வீட்டில் தூக்கியெறியும் பொருள்களைக் கொண்டே அலங்காரம் செய்ய வேண்டும். சிறந்த நட்சத்திரம் மரத்தின் உச்சிக்குப் போகும். ஒரே பிள்ளையான எனக்கு அதில் கவலையே இருக்கவில்லை. என்னை விட்டால் போட்டிக்கு ஆள் ஏது?

பிறகு பத்து காவான் ஊரிலிருந்து சித்தி மகள் வந்தாள். சித்தப்பா சித்தியைக் கடல் பாலம் கடந்து எங்கள் தீவின் மருத்துவமனைக்கு அழைத்து வரும் நாள்களில், டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் வீட்டில் அவளை விட்டுச் செல்வார். இருவருக்கும் ஒன்பது வயது. நான் பால் டின் மூடியில் நட்சத்திரம் வரைந்துகொண்டிருந்தபோது அவள் தன் பையைக் கவிழ்த்தாள். காலியான மாத்திரை அட்டைகள் தரையெங்கும் மின்னின. அவற்றை வெட்டி, மடித்து, அவள் ஒட்டிய நட்சத்திரத்தில் ஒவ்வொரு குமிழும் ஒரு விளக்காக எரிந்தது.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு பாரேன்!" என்று அம்மாவே நாற்காலியில் ஏறி அதை உச்சியில் வைத்தார். என் டின் மூடி, சுவரைப் பார்த்த கிளைக்குப் போனது.

மாலையில் சித்தியும் சித்தப்பாவும் திரும்பி வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"நம்ம வீட்டுல மட்டும் ஏம்மா யாருமே மருந்து சாப்பிடறதில்ல? எங்கிட்ட ஒரு அட்டைகூட இல்ல. இது நியாயமே இல்ல லா!"

தேநீர் ஊற்றிய அம்மாவின் கை நின்றது. தலையில் துணி சுற்றியிருந்த சித்திதான் முதலில் சிரித்தார். "அப்ப நீயே வந்து முழுங்குடி. அட்டையும் உனக்கு, கசப்பும் உனக்கு." அந்த யோசனையை நான் உண்மையாகவே பரிசீலித்தேன்.

கிளம்புமுன் சித்தி மகள் என்னைச் சமையலறைக்கு இழுத்தாள்.

"எல்லா அட்டையும் நீயே எடுத்துக்கோ. மேல உன் ஸ்டாரையே வைக்கச் சொல்றேன். கிறிஸ்மஸ் வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்டி. பெரியம்மாகிட்ட நீ கேளேன்."

உச்சி எனக்குக் கிடைக்கும்; ஆனால் அம்மாவின் பாராட்டு தினமும் அவளுக்குப் போகும். லாப நட்டத்தை நிதானமாக எடைபோட்டேன். ஓர் அறை முழுவதும் காலியாகக் கிடந்த வீட்டில் நின்றுகொண்டு, "இங்க இடம் இல்லடி" என்றேன்.

அவள் பையை என் கையில் திணித்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். அத்தனை வெள்ளி மின்னும் வீட்டை விட்டு, ஓர் அட்டைகூட இல்லாத வீட்டில் தங்க யாராவது ஆசைப்படுவார்களா? என்னிடமிருந்து எதையோ பறிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

அவள் மனம் மாறி இறங்கிவிடக் கூடாதே என்று, கார் முனை திரும்பும்வரை வாசலில் காவல் நின்றேன். அம்மா அதைப் பாசம் என்று எண்ணி, என் தலையைத் தடவிக் கொடுத்தார்.