முதுகில் தடவிய ஹார்மோன்

நான் வாங்கிய மார்க்குகளிலேயே என்னை அதிகம் ஏமாற்றியது எண்பத்து நாலு. ஐம்பத்து மூன்றாவது வயதில் ரத்தப் பரிசோதனையில் வாங்கினேன். எஃப்.எஸ்.ஹெச். என்று எழுதி, பக்கத்தில் எண்பத்து நாலு. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பேப்பர் திருத்தியவள் நான். கண்ணில் பட்டதும் பெருமையாக இருந்தது.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதுல மார்க் ஏறுனா பாஸ் இல்ல டீச்சர். உங்க ஓவரி ரிடையர் ஆயிடுச்சி. மூளைக்கு அது தெரியல. வேலைக்கு வா, வேலைக்கு வான்னு கத்திக்கிட்டே இருக்குது. அந்தக் கத்தல்தான் எண்பத்து நாலு."

மாதவிலக்கு நின்று அப்போது ஒன்றரை வருடம். நின்றபோது சனியன் தொலைந்தது என்று தலைமுழுகினேன். ஆனால் அது சும்மா போகவில்லை. வீட்டைக் காலி செய்கிற குடித்தனக்காரர் பல்பையும் கழற்றிக்கொண்டு போவதுபோல, என் தூக்கத்தையும் பொறுமையையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருந்தது. வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து உச்சந்தலைவரை தீப்பிடிக்கும். ஃபேனை முழுசாக வை என்று நான் கத்த, அது ஏற்கெனவே முழுசாகத்தான் ஓடுகிறது என்று பிள்ளைகள் சொல்ல, எனக்கு இன்னும் கோபம் வரும். வீட்டில் கத்துவதற்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவர் பதில் பேசமாட்டார் என்பதால் அதிலும் ருசி இல்லை.

அவர் என் வீட்டுக்காரர். சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கல்யாணமாகி முதல் பதினான்கு வருடம் அவர் அங்கே, நான் முதலியார்பேட்டையில். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். என் வேலையை விட்டுவிட்டு அங்கே போக எனக்கு மனமில்லை. பிரெஞ்சு கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு துரை போதும் என்பது என் கட்சி. ஆக, எங்கள் கல்யாணத்தில் பாதி தபாலில் நடந்தது. அவர் நிரந்தரமாகத் திரும்பி வந்த பிறகும் எங்களுக்குள் சண்டை கிடையாது, மரியாதை உண்டு. ரயிலில் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்த இரண்டு நல்ல மனிதர்கள்போல இருந்தோம். எங்கள் ஒரே மகனும் பிரான்சுக்குப் போய்விட்ட பிறகு, வீட்டில் மிக்சிதான் அதிகம் பேசியது.

டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு ஒரு மாத்திரையும் தோலில் தடவுகிற ஒரு ஜெல்லும் எழுதித் தந்தார். மூன்று மாதம் கழித்து ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அப்போது லீவில் வந்திருந்த அண்ணி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, "இதே ஜெல்லுதான் நானும் போடறேன்" என்று தன் பெட்டியிலிருந்து மூன்று டியூபை எடுத்துக் கொடுத்தார். டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு இதுவேதான் என்று சொல்லிவிட்டார். அண்ணி பிரான்சுக்கு விமானம் ஏறிய பிறகுதான், அதை எங்கே தடவுவது என்று யாரிடமும் கேட்கவில்லையே என்று எனக்கு உறைத்தது.

போன் போட்டேன்.

"குளிச்சிட்டு வந்து ப்ராவுல தடவும்மா" என்றார் அண்ணி. "ரெண்டு நிமிஷம் காய வுடு. மாருல மட்டும் படக்கூடாது."

"ப்ராவுலயா அண்ணி?"

"ஆமாம்மா, ப்ராவுலதான். நான் பத்து வருஷமா ப்ராவுலதான் போடறேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. டியூபோடு இருந்த காகிதத்தைப் பிரித்தேன். முழுக்க பிரெஞ்சு. ஆனால் நடுவில் பி, ஆர், ஏ, எஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எஸ் சேர்ந்தால் பன்மை. ஒன்றுக்கு இரண்டாக வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மருந்தைத் துணியில் தடவச் சொல்ல அவர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை. ஆகவே ப்ரா உட்காருகிற இடத்தில் தடவ வேண்டும். முன்பக்கம் கூடாது என்று அண்ணியே சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது பின்பக்கம், பட்டை பதிகிற இடம். இலக்கணம் படித்தவளுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கணக்கு சரி, கைதான் எட்டவில்லை. முதல் நாள் தோசைத் திருப்பியின் முனையில் ஜெல்லை வைத்து முதுகுக்குக் கொண்டுபோனேன். கதவில் பட்டது, நைட்டியில் பட்டது, முதுகில் மட்டும் படவில்லை. இரண்டாம் நாள் வெட்கத்தை விட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, இத கொஞ்சம் முதுகுல போட்டு வுடுங்க. ப்ரா போடற எடத்துல போடணுமாம். அண்ணி சொன்னாங்க."

அவர் காகிதத்தைக் கையில் வாங்கினார். மேலிருந்து கீழ்வரை படித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். காகிதம் நாலாக மடிக்கப்படும் சத்தம் கேட்டது. "செரி" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. தினமும் காலை ஆறேகாலுக்கு அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பார். டியூபோடு வந்த குட்டி ஸ்கேலில் ஜெல்லை ஒரு கோடுகூடப் பிசகாமல் அளப்பார். ஜெல்லில் ஸ்பிரிட் வாசனை வீசும். முதுகில் பட்டதும் ஜில்லென்று இருக்கும், நான் துள்ளுவேன், "ஆடாத" என்பார். பிறகு காய்வதற்காக அன், தெ, த்ருவா என்று பிரெஞ்சில் நூற்று இருபதுவரை எண்ணுவார். முதல் வாரம் எண்ணினார். இரண்டாவது வாரம் ஐம்பதுக்கு மேல் பேச்சு வந்துவிட்டது. மூன்றாவது வாரம் எண்ணிக்கையே இல்லை.

முகம் பார்க்காமல் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. என் முதுகிடம் அவர் என்னென்னவோ சொன்னார். பட்டாளத்தில் முதல் பனிக்காலத்தில் போர்வைக்குள் அழுததைச் சொன்னார். "உனக்கு எழுதலாம்னுதான் உட்காந்தேன். எழுதுனா நீ வேலைய வுட்டுட்டு வந்துடுவியோன்னு பயம்" என்றார். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு, அவர் லீவு முடிந்து போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாரத்துக்கு அவர் தட்டில் சாப்பிட்டதைச் சொன்னேன். இதெல்லாம் பேச இருபத்தெட்டு வருடம் ஆனது எங்களுக்கு.

தூக்கம் வந்தது. தீ அடங்கியது. வகுப்பில் பிள்ளைகள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். காய்கறி நறுக்கும்போது பாட்டு வந்தது. அதுவும் எனக்கே அடையாளம் தெரியாத ராகத்தில். மருந்தின் வேலையா, கையின் வேலையா என்று பிரித்துப் பார்க்க எனக்கு அவசியம் இல்லை. காலையில் அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் எழுந்தேன். அது இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தால் பகீரென்றது. டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஜெல்லை நிறுத்து என்று சொல்லிவிடுவாரோ என்று, மூன்று மாதம் நெருங்க நெருங்க, பரீட்சைக்குப் போகிற பிள்ளையாகப் பயந்தேன்.

சோதனை அன்று அவருக்கும் அதே பயம்தான் போலிருக்கிறது. முதுகில் தடவி முடித்து விரலில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். வழக்கமாக சோப்புப் போட்டுக் கழுவிவிடுவார். அன்று, "வீணா போவுது பாரு. போன தடவ நரம்பு தெரியலன்னு மூணு எடத்துல குத்துனாங்க, தேய்ச்சா எழும்பும்" என்று என் முழங்கை மடிப்பில் அழுத்தித் தேய்த்துவிட்டார். நானும் நீட்டினேன். பரீட்சைக்குப் போகும் வழியில் கடைசியாக ஒரு புரட்டு புரட்டிக்கொள்வதில் தப்பு என்ன?

லேபில் ஒரே குத்தில் ரத்தம் வந்தது. அவர் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்.

சாயந்திரம் ரிசல்ட் வாங்கப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மேடம், எத்தன மாசம்?"

"மூணு மாசம் ஆவுது" என்றேன். ஜெல் போடத் தொடங்கியதைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"இந்த வயசுலயா!"

"இந்த வயசுலதானேம்மா எல்லாருக்கும் வரும்."

அவள் கண்ணை அகல விரித்து, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஈஸ்ட்ரோஜன் ஆயிரத்தத் தாண்டி இருக்குது மேடம். மாசமா இருக்கறவங்களுக்குத்தான் இவ்ளோ வரும். கங்கிராட்ஸ்."

வீட்டுக்காரரின் கையிலிருந்து ஸ்கூட்டர் சாவி கீழே விழுந்தது.

டாக்டரம்மா ஆறரைக்குத்தான் வருவார். பக்கத்தில் இருந்த காபிக் கடையில் உட்கார்ந்தோம். எனக்குக் காபி கூடாது என்று அவரே முடிவு செய்து பால் சொன்னார். அது நடக்கிற காரியமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, காரணமே இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாத நிலையில்தான் கடந்த இரண்டு மாதம் எங்கள் வீடு இருந்தது. அவர் பாலை ஆற்றி ஆற்றி நுரையாக்கினார். "லிவ்ரேல பக்கம் இருக்குது" என்றார். லிவ்ரே என்றால் பிரெஞ்சு சர்க்கார் கல்யாணத்தின்போது தரும் குடும்பப் புத்தகம். பிறக்கும் பிள்ளைகளை வரிசையாக அதில் பதிய வேண்டும். எங்களுடையதில் மகன் பேருக்குப் பிறகு எல்லாம் காலி. நான் சிரித்த சிரிப்பில் பால் மூக்கில் ஏறிவிட்டது. இருமலும் சிரிப்புமாக மேசையில் கவிழ்ந்தேன். அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துப் பதறவே இல்லை. "ரத்தம் எடுத்த கையில ஜெல் போட்டீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் குற்றவாளியாக விரலைக் காட்டினார்.

"அதான். இது ரத்தத்துல இருந்த அளவு இல்ல சார். தோல்ல இருந்த மருந்து ஊசியோட சேந்து போயிருக்குது. அந்தக் கைய விட்டுட்டு அடுத்த வாரம் திரும்ப எடுத்துடலாம்." அடுத்த வாரம் எடுத்தபோது அளவு ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் அன்று டாக்டரம்மா அதோடு விடவில்லை. "தெனமும் எங்க போடறீங்க டீச்சர்?"

"அதான் டாக்டர், பின்னால. ப்ரா பட்டை வர்ற எடத்துல."

"முதுகுலயா? அங்க யாரு போடச் சொன்னது?"

"காயிதத்துல போட்டிருக்குதே. ப்ரான்னு."

டாக்டரம்மா இந்த ஊரிலேயே, பள்ளியில் பிரெஞ்சும் சேர்த்துப் படித்தவர். ஒரு நொடி யோசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டீச்சர், அது இங்கிலீஷ் ப்ரா இல்ல. பிரெஞ்சுல ப்ரான்னா கை! கையில போடச் சொல்லி இருக்குது!"

நான் மெதுவாகத் திரும்பி என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். பதினெட்டு வருடம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மனிதர், சுவரில் இருந்த கர்ப்பப்பைப் படத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது சிவந்திருந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் டாக்டரம்மா. "இனிமே கையில நீங்களே போட்டுக்கலாம். சாருக்கும் தொந்தரவு இல்ல."

ஜெல்லை நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று மூன்று மாதமாகப் பயந்தேன். அவரோ நிறுத்தாமலே என் கால் மணி நேரத்தைப் பிடுங்கிவிட்டார்.

வழியில் கடலூர் ரோட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் இஞ்சினை அணைத்தார். இப்போது அவருடைய முதுகு என் முன்னால் இருந்தது. அதனிடம் கேட்டேன்.

"ப்ரான்னா கைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"எப்போலேந்து?"

"எப்போலேந்தா? பட்டாளத்துல சேந்த மொத நாள்லேந்து."

"பின்ன ஏன் சொல்லல?"

ரயில் வருகிற அறிகுறியே இல்லை. அவர் ஹேண்டில்பாரைத் துடைத்தார். "சொல்லத்தான் வந்தேன். நீ அதுக்குள்ள முதுகக் காட்டி உட்காந்துட்ட. இருவத்தெட்டு வருஷத்துல நீ எங்கிட்ட ஒண்ணு பண்ணச் சொல்லிக் கேட்டது அதான் மொதத் தடவ. கைன்னு சொன்னா நீயே போட்டுப்ப. எனக்கு வேல இல்லாமப் பூடும்."

வாயைத் திறந்தால் அழுகையா சிரிப்பா எது வரும் என்று தெரியவில்லை. கடைசியில் சிரிப்புதான் வந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வந்தது.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். டியூப் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் வாசற்படியில் நின்றார். வருவதா போவதா என்று தெரியாமல் நின்றார்.

நைட்டியின் கையை மேலே சுருட்டினேன். இந்தத் தடவை அவர் பக்கம் திரும்பியே உட்கார்ந்தேன். அவர் உள்ளே வந்து, கோடு பிசகாமல் அளந்து, என் முகத்தைப் பார்த்தார்.

"எந்தக் கை?"

"பாதி இதுல, பாதி அதுல" என்றேன். "அவசரம் ஒண்ணும் இல்ல."