இடது நெஞ்சில் கிரே சீல்

போன வாரம் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அம்மா, இந்தக் குட்டியப் பாருங்களேன்" என்றாள். ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை. மணலில் வெள்ளை வெளேரென்று ஒரு கடல்நாய்க்குட்டி புரண்டுகொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு. எனக்கோ இட்லி வேகும் வாசனையைத் தாண்டிக் பனியனில் படம் அடிக்கும் காயாத பேஸ்ட்டின் நெடி வந்தது என்றால் நம்புவீர்களா? எனக்கு வந்தது.

பல வருஷத்துக்கு முன் நான் திருப்பூர் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சேர்ந்து ஏழே மாதம். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் மெயிலைப் படித்து, தைக்கிறவர், பிரிண்டிங் அடிக்கிறவர் என்று ஆளாளுக்கு விளக்கிச் சொல்வதுதான் வேலை. இங்கிலீஷில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு வேறு. மெயிலை முழுக்கப் படிக்கும் பொறுமை மட்டும்தான் இல்லை.

அந்த மெயில் ஒரு குளிர்க்கடல் தீவிலிருந்து வந்தது. கோடையில் சுற்றுலாக் கூட்டம் தாங்காதாம். குளிர்காலத்தில் கடைகளை அடைத்துவிட்டு ஊர்க்காரர்கள் கரையில் தீ மூட்டி விழா எடுப்பார்களாம், நடுங்கிக்கொண்டே கடலில் குளிப்பார்களாம். ஊர்ப்பெருமை பேசுகிறார்கள் என்று பாதிப் பத்தியோடு தாண்டிவிட்டேன். எனக்கு வேண்டியது கீழே இருந்தது. முன்னூறு சிவப்பு ஸ்வெட்ஷர்ட், இடது நெஞ்சில் 'கிரே சீல்'. படம் பின்னால் வரும்.

சீல் என்றால் திருப்பூர்க்காரிக்கு வேறு என்ன தோன்றும்? கேட் பாஸில் சீல், செக்கிங்கில் சீல், பில்லில் சீல். சீல் விழாத ஒரு பண்டல் எங்கள் கேட்டைத் தாண்டாது. சாம்பல் நிறத்தில் ஒரு முத்திரை கேட்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிரிண்டிங் வேலை பழனிசாமி அண்ணனுக்குப் போனது. வீரபாண்டியில் ஷெட் போட்டிருந்தார். எங்கள் கம்பெனி வேலையை நம்பித்தான் அந்த ஷெட் ஓடியது. ஆர்டர் சீட்டைப் பார்த்ததும் போன் செய்தார்.

"ஏங்கண்ணு, சீலு வட்டமா, சதுரமா?"

"வட்டமாவே போடுங்கண்ணா. சுத்தி அந்தத் தீவு பேர எழுதிருங்க."

"படம் வரட்டுமே கண்ணு. வந்தப்பறம் அடிக்கலாம்."

"ஷிப்மெண்டுக்கு நாளில்லீங்கண்ணா. நீங்க அடிங்க, நான் பாத்துக்கறேன்."

முன்னூறும் அடித்து முடித்த மறுநாள் படம் வந்தது. திறந்தால், மீசை வைத்த ஒரு மிருகம் பெரிய கண்களால் என்னைப் பார்க்கிறது. கடல்நாய்க்கும் இங்கிலீஷில் சீல் என்றுதான் பெயர். அப்போதுதான் அந்த முதல் பத்தியின் மிச்சத்தைப் படித்தேன். குளிர்காலத்தில் கடல்நாய்கள் கரையேறிக் குட்டி போடும். பிறந்த குட்டிக்குச் சில வாரம் கடலில் இறங்கத் தெம்பிருக்காது. வேடிக்கை பார்ப்பவர்கள் நெருங்கினால் தாய் மிரண்டு கடலுக்குள் போய்விடும், சில சமயம் திரும்பாது. அதனால் ஊர்க்காரர்கள் சிவப்புச் சட்டையோடு குறுக்கே காவல் நிற்பார்கள். முதல் குட்டிகள் பிறந்துவிட்டன, புயல் கிளம்பினால் தீவுக்கு வரும் படகு நின்றுவிடும், சீக்கிரம் அனுப்புங்கள் என்று முடித்திருந்தார்கள்.

முதலாளி அறையில் மேஜைமேல் அந்தச் சிவப்புச் சட்டை கிடந்தது. நெஞ்சில் பஞ்சாயத்து ஆபீஸ் முத்திரை மாதிரி ஒரு வட்டம்.

"யாரு சொல்லி அடிச்சீங்க?" என்று பழனிசாமி அண்ணனைக் கேட்டார் முதலாளி.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பேனா ஸ்டாண்டைப் பார்த்தேன். அதில் மூன்று நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. இன்றைக்கும் எண்ணிச் சொல்வேன். வேலை போய்விடும் என்ற பயம்.

"படம் வராம அடிச்சது தப்புதானுங்க" என்றார் அண்ணன்.

அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னை இன்னும் குத்துகிறது.

வட்டத்தை மறைக்கிற அளவுக்குப் பெரிய கடல்நாயாக மேலேயே அடித்துவிடலாம் என்று வழி சொன்னதும் அண்ணன்தான். ஆனால் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் பேஸ்ட் காயவே இல்லை. தொட்டால் விரலில் ஒட்டியது. மூன்று நாள் பகலெல்லாம் நான் ஷெட்டில் நின்று, ஒவ்வொரு சட்டையாகச் சூடு காட்டிக் கொடுத்தேன். நடுவே செல்போனில் அந்தத் தீவின் காற்று வேகத்தைப் பார்ப்பேன். ஏறிக்கொண்டே போனது. வீரபாண்டியில் மழை விடவேண்டும், எங்கோ இருக்கும் கடலில் புயல் கிளம்பக்கூடாது. எந்தச் சாமியிடம் எதை வேண்டுவது என்று தெரியாமல் முருகனிடமே இரண்டையும் ஒப்படைத்தேன்.

"காஞ்சிருச்சுங்க மேடம், எடுத்துக்குங்க" என்று கடைசிச் சட்டையை நீட்டினார் அண்ணன். அவர் என்னை மேடம் என்றது அதுதான் முதல் தடவை.

விமானத்தில் அனுப்பிய பெட்டிகள், புயலுக்கு முந்தின படகில் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு மாதம் கழித்துப் போட்டோ அனுப்பினார்கள். சாம்பல் கடல், சிவப்புச் சட்டைகளின் வரிசை, அதற்குப் பின்னால் தாயும் வெள்ளைக் குட்டியும். அதே வாரம், "படம் வராம அடிக்கிற ஆளு நமக்கு வேண்டாம்" என்று முதலாளி பழனிசாமி அண்ணனுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார்.

போட்டோவைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். டேபிள்கள் காலியாகக் கிடந்தன. போட்டோவை நிதானமாகப் பார்த்த அண்ணன், "குட்டி தப்பிச்சுதுங்களா?" என்றார்.

"தப்பிச்சுதுங்க. அண்ணா, தப்பு என்னோடதுங்க."

"எனக்குத் தெரியாதுங்களா மேடம்? உங்க மொதலாளிகிட்டல்ல சொல்லோணும்?"

சொல்கிறேன் என்று வந்தேன். மறுநாள் முதலாளி கோபமாக இருந்தார், தள்ளிப்போட்டேன். அப்புறம் என்னை சீனியர் ஆக்கினார்கள், வாய் இன்னும் கட்டிப்போனது. ஷெட் இருந்த இடத்தில் இப்போது அட்டைப்பெட்டி குடோன். அண்ணன் காங்கேயத்தில் ஏதோ எண்ணெய் மில்லில் இருப்பதாகக் கேள்வி. கம்பெனியும் கைமாறி, பெயரே போய்விட்டது.

முதலாளி மூன்று வருஷத்துக்கு முன் காலமானார். துக்கத்துக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். சாகும்வரை அவர் அந்தத் தப்பு பழனிசாமியுடையது என்றுதான் நினைத்திருந்தார்.