காலி வண்டி மேடு ஏறாது

எந்தின் மூன்றாவது முறை விழுந்தபோது ஸ்டாண்டுக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. முதல் இரண்டு முறையிலேயே சிரித்துத் தீர்த்திருந்தார்கள். இடுகாட்டு மேட்டின் பாதியில் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது, பின்சக்கரம் கருஞ்சேற்றை வாரி இறைத்தது, அப்புறம் வண்டி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் தேயிலைச் செடிகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

“தெத்தே, வண்டிய நீங்க ஓட்டுறீங்களா, வண்டி உங்கள ஓட்டுதா?” மேலேயிருந்து ஒருவன் கேட்டான். தெத்தே என்றால் அங்கே அக்கா.

“எறங்கி வந்து பாரு, தெரியும்.” வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள்.

அவளைக் குடைந்தது விழுந்ததல்ல. நான்கு வருஷமாக இதே மேட்டில் தினம் ஐந்து நடை ஏறுகிறாள், அதுவும் வண்டியின் முதுகில் இரண்டு மூட்டைக் கோழி எருவோடு. ஒருநாளும் விழுந்ததில்லை. இன்று மூட்டை இல்லை, வண்டி காலி. பூவாக ஏற வேண்டியது ஏறமாட்டேன் என்கிறது.

பங்காலெங்கான் மலைச்சரிவில் எரு மேலே போகும், உருளைக்கிழங்கு கீழே வரும். இரண்டையும் சுமப்பது ஸ்டாண்டின் ஒன்பது மோட்டார் சைக்கிள்கள். ஸ்டாண்டில் இரண்டு பலகைகள் தொங்குகின்றன. கீழ்த்தோட்டங்களுக்குப் போகிறவர்களின் வரிசை ஒன்றில், மேல்தோட்டங்களுக்குப் போகிறவர்களின் வரிசை இன்னொன்றில். மேலே ஒரு நடைக்குக் கிடைக்கும் கூலி கீழே இரண்டு நடைக்குச் சமம். எட்டு ஆண்களின் பெயரும் இரண்டு பலகையிலும் உண்டு. எந்தினின் பெயர் கீழ்ப்பலகையில் மட்டும்.

அந்த வண்டி அவள் கணவன் யாயாத்துடையது. மேல்தோட்டத்துப் பாதையில் கிழங்கு மூட்டைகளோடு சறுக்கி இடுப்பெலும்பு நொறுங்கிய பிறகு அவனால் வண்டி ஏற முடியவில்லை. எந்தின் ஒரு வாரத்தில் ஓட்டப் பழகி, எட்டாம் நாள் ஸ்டாண்டுக்கு வந்து நின்றாள். ஸ்டாண்டுத் தலைவர் ஓதாங் அவள் பெயரைக் கீழ்ப்பலகையில் எழுதினார். அன்றிலிருந்து ஒவ்வொரு அறுவடைக்கும் அவள் மேல்பலகையைக் கேட்பாள், அவர் மழையைக் காரணம் சொல்வார். மழை இல்லாத வருஷம் புழுதியைச் சொன்னார்.

இப்படியிருக்கும்போதுதான் பண்டுங் நகரத்திலிருந்து ஹெர்லான் என்ற பந்தய ஏற்பாட்டாளர் சுவரொட்டிக் கட்டோடு வந்து இறங்கினார். எண்டியூரோ பந்தயம். சேறு, ஓடை, கல், மேடு எல்லாம் கடந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர். வெளியூர்க்காரர்கள் நூறு பேருக்கு மேல் வருவார்கள். சுமைவண்டிக்காரர்களுக்கென்று தனியாக உள்ளூர்ப் பிரிவு. எட்டுப் பேரும் பெயர் கொடுத்தார்கள். ஒன்பதாவதாக எந்தின் கை நீட்டினாள்.

ஹெர்லான் நல்ல மனுஷர், சங்கடப்பட்டு, அம்மா என்பதுபோல இபு போட்டுப் பேசினார். “இபு, பெண்கள் பிரிவுக்கு அஞ்சு பேராவது வேணும். ஒண்ணு பண்ணலாம். தொடக்க ஊர்வலத்துல நீங்க முன்னாடி கொடி புடிச்சிட்டுப் போங்க. போட்டோவும் நல்லா வரும்.”

“கொடிய கம்பத்துல கட்டுங்க, அசையாம நிக்கும். என் பேர உள்ளூர்ப் பிரிவுல எழுதுங்க.”

ஓதாங் சிகரெட்டைக் கீழே போட்டுக் காலால் நசுக்கினார். “நெங், ஒரு குடும்பத்துல ஒரு இடுப்பு போனது போதாதா?”

“இடுப்பு போனது அவருக்கு. பயம் வந்தது உங்களுக்கா, காங்?” நெங் என்றால் தங்கச்சி, காங் என்பது அண்ணனுக்கும் கணவனுக்கும் பொது.

ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ஓதாங்குக்கு இனிப் பின்வாங்க வழியில்லை. “சரி. நேரத்துக்குள்ள முடிச்சிட்டு வா. மறுநாள் காலைல மேல்பலகைல உன் பேர நானே எழுதுறேன். முடிக்கலன்னா அந்தப் பேச்ச இனி எடுக்கக் கூடாது.”

“எடுக்கல,” என்றாள் எந்தின். பந்தயத்துக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது.

பயிற்சியின் முதல் நாளே மூன்று முறை விழுந்து வீடு திரும்பியபோது யாயாத் வாசலில் முக்காலி போட்டு, காய்கறி போட்ட பாலா-பாலா வடைகளைச் சுட்டுக்கொண்டிருந்தான். சேறு அப்பிய மனைவியைப் பார்த்தான்.

“எத்தன தடவ?”

“மூணு.”

“எந்தப் பக்கமா?”

“ரெண்டு தடவ இடது. ஒரு தடவ மல்லாக்க.”

அவன் சிரித்ததில் கரண்டி ஆடியது, எண்ணெய் தெறித்தது.

“சிரிக்காதீங்க காங், எனக்கு வர்ற கோவத்துக்கு...”

“உன்னப் பாத்து சிரிக்கல. அந்த வண்டிய நெனச்சு சிரிக்கிறேன். அது மூட்டை இல்லாம மேடு பாத்ததே இல்ல. முதுகுல யாரும் இல்லன்னதும் பித்துப் புடிச்சிருச்சு.”

அவன் சொன்னது வேடிக்கையல்ல. பின்பக்க ஸ்பிரிங்கை நூற்றிருபது கிலோவுக்கென்று முறுக்கி இறுக்கியவனே அவன்தான். பாரம் இருந்தால் ஸ்பிரிங் அமுங்கும், டயர் மண்ணைக் கவ்வும். பாரம் இல்லாவிட்டால் பின்பாகம் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும், சேற்றில் டயர் வெறுமனே சுற்றும். போகும்போது எரு, வரும்போது கிழங்கு. காலியாக ஓட்டுவது எப்படியிருக்கும் என்று ஸ்டாண்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை.

“ஸ்பிரிங்க மாத்திடலாம். பின் கேரியரக் கழட்டிடலாம். பல்சக்கரத்தையும் சின்னதாப் போடணும். ஒரு வாரம் ஆகும்.”

“அப்புறம் அது வேற வண்டி. அத நான் எப்பப் பழகுறது?”

“அப்போ என்னதான் பண்ணச் சொல்ற?”

“மூட்டைய ஏத்துவோம்.”

யாயாத் அவளைப் பார்த்தபடியே இருந்ததில் ஒரு ஈடு வடை கருகிப்போனது.

மறுநாள் முதல் எடைபோடும் வேலை ஆரம்பித்தது. எண்பது கிலோ வைத்தபோது வண்டி நன்றாகக் கவ்வியது, ஆனால் ஓடையில் சாய்ந்தால் நிமிர்த்த முடியவில்லை. இருபது கிலோவில் பழைய துள்ளல். நாற்பத்தைந்தில் வண்டி அடங்கியது. எதை ஏற்றுவது என்பதிலும் விவாதம் நடந்தது. மண் நனைந்தால் கனம் கூடும். கிழங்கு உருண்டு ஒரு பக்கம் சாயும். உமி கலந்த காய்ந்த கோழி எருதான் அடங்கி உட்காரும், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் நனையவும் செய்யாது.

“இன்னொரு லாபம். பின்னால வர்றவன் தானா ஒதுங்குவான்,” என்றான் யாயாத்.

கூலி நடைகளையே அவள் பயிற்சியாக்கிக்கொண்டாள். கீழ்த்தோட்டத்துக்குப் போகிற ஐந்து நடையிலும் உட்காராமல் நின்றுகொண்டே ஓட்டினாள். முதல் வாரம் தொடை நெருப்பாக எரிந்தது. சோற்றுத் தட்டின் முன் உட்காருவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மதியங்களில் ஓடையில் இறங்கி, இன்ஜினுக்குள் தண்ணீர் போன வண்டியைக் கவிழ்த்து வடிக்கப் பழகினாள். யாயாத் கழிவுநீர்க் குழாயை நீளவாக்கில் வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து முழங்கால் கவசம் செய்தான். கண்ணைத் துணியால் கட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கை மாற்றச் சொன்னான். ஆறு நிமிஷத்தில் தொடங்கி இரண்டு நிமிஷத்துக்கு வந்தாள்.

“ஒன்றரைக்கு வரணும்.”

“நீங்க எவ்வளவுல மாத்துவீங்க?”

“நான் பிளக்கு கெடாத மாதிரி ஓட்டுவேன்.”

ஸ்டாண்டு சும்மா இருக்குமா? ‘எரு ராணி’ என்று பெயர் வைத்தது. ஓதாங் ஒரு காலையில் மூட்டையைத் தட்டிப் பார்த்துக் கேட்டார்: “பந்தயத்துக்குப் போறியா நெங், வெதைக்கப் போறியா?”

“ரெண்டுக்கும்தான். போன வழியெல்லாம் உங்க பேரச் சொல்லி முளைக்கும்.”

அவர்கள் யாரும் காலி வண்டியை மேட்டில் ஏற்றிப் பார்க்கவில்லை. இவள் விழுந்தது இவள் கைக்கோளாறு என்பதில் எட்டுப் பேருக்கும் ஒரே கருத்து. கேரியரைக் கழற்றினார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

பந்தய நாள் காலை வண்டிப் பரிசோதனையில் ஹெர்லான் மூக்கைப் பொத்திக்கொண்டார். “இபு, இது என்ன?”

“எரு.”

“அது தெரியுது. ஏன் வண்டில இருக்கு?”

“இல்லன்னா வண்டி ஓடாது. மூட்டை கூடாதுன்னு உங்க புத்தகத்துல எங்க எழுதியிருக்கு, காட்டுங்க.”

அவர் விதிப் புத்தகத்தை நின்றபடியே முழுக்கப் புரட்டினார். கூர்மையாக எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எதுவும் அவிழ்ந்து விழக் கூடாது. எண் தெரிய வேண்டும். எருவைப் பற்றி எழுத எவனுக்கும் தோன்றியிருக்கவில்லை. அவர் மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். டயர் டியூபைக் கீற்றாக நறுக்கிப் போட்ட கட்டு. வண்டிதான் ஆடியது, மூட்டை ஆடவில்லை.

“வழியில அவிழ்ந்தா அங்கேயே வெளிய அனுப்பிடுவேன்,” என்று சொல்லி, ஒட்ட வேண்டிய சீட்டை ஒட்டினார்.

மழை எட்டு மணிக்குப் பிடித்துக்கொண்டது. எந்தின் முதல் பதினொரு கிலோமீட்டரைப் பறந்து கடந்தாள். முதல் சோதனைச் சாவடிக்கு முன்னால் மஞ்சள் கொடியருகே வெளியூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வண்டியை நிறுத்தி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். சோம்பேறிகள் என்று நினைத்தாள். தோட்டத்துக்கு முதலில் போகிறவனுக்குத்தான் முதல் மூட்டை. பிறந்ததிலிருந்து பார்த்த நியாயம் அது. நேராக உள்ளே ஓட்டிக்கொண்டு போய் அட்டையை நீட்டினாள்.

சாவடிப் பெண் முத்திரை குத்திவிட்டு நிமிர்ந்தாள். “நாலு நிமிஷம் முன்னாடி வந்துட்டீங்க, இபு.”

“நல்லதுதானே?”

“இல்லயே. இது எண்டியூரோ. குடுத்த நிமிஷத்துல வரணும். முன்னாடி வந்தாலும் தண்டம், பின்னாடி வந்தாலும் தண்டம். இப்போ நாலு நிமிஷம் தண்டம் விழுந்துருச்சு. மொத்தம் முப்பதத் தாண்டினா முடிச்சதாக் கணக்கில்ல. உங்க ஸ்டாண்டுக்காரங்க எல்லாருமே இப்படித்தான் பாஞ்சு வந்தாங்க.”

எந்தின் தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மேல்தோட்டத்துக்கு ஏறுகிற கண்ணீர் மேடு இருபதாவது கிலோமீட்டரில் இருந்தது. யாயாத்தின் இடுப்பு போன இடம். அவள் அதில் ஓட்டுவது இதுவே முதல் முறை. மேடு முழுக்க வண்டிகள் சிதறிக் கிடந்தன. அவற்றில் ஸ்டாண்டு வண்டிகள் ஐந்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. முன்சக்கரம் வானத்தைப் பார்ப்பதும், பின்சக்கரம் சேற்றை வாரி இறைப்பதும் அவளுக்குப் புதிய காட்சியல்ல. பாதி மேட்டில் ஓதாங் வண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார், வண்டி அவரைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

எந்தின் இரண்டாவது கியரில், நின்றபடி, சீராக ஏறினாள். பின்டயர் மூட்டையின் கனத்தில் சேற்றுக்குள் அமுங்கி அடித்தரையைத் தொட்டது. இரண்டு இடத்தில் திணறியது. ஒரு இடத்தில் நின்றே விட்டது, காலை ஊன்றி மறுபடி எடுத்தாள். ஓதாங்கைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்கவில்லை.

“மூட்டை வேணுமா காங்? கீழ நெறைய இருக்கு.”

அவர் பதிலுக்குச் சொன்னதை மழை தின்றுவிட்டது.

அடுத்த சாவடிக்கு இரண்டு நிமிஷம் முன்னதாக வந்து, கொடிக்கு வெளியே காத்து நின்றாள். மேட்டைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசிப் பகுதியில் ஓடை பெருகிவிட்டது. தண்ணீருக்குள் வண்டி செத்துப்போய், கவிழ்த்து வடித்து, பிளக்கை மாற்றி, உதைத்து உதைத்துக் கிளப்புவதற்குள் இருபத்தெட்டு நிமிஷம் போய்விட்டது. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது கவசத்தின் ஒரு குழாய் காணாமல் போயிருந்தது. மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்டாண்டிலிருந்து போன ஒன்பது வண்டிகளில் கோட்டைத் தாண்டியது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஓதாங் முடிவுத்தாளோடு வந்தார். ஒரு கால் தாங்கித் தாங்கி நடந்தது.

“முப்பத்திரண்டு நிமிஷம். எல்லை முப்பது. கோட்டத் தாண்டின, நான் இல்லன்னு சொல்லல. ஆனா நேரத்துக்குள்ளன்னுதான் பேச்சு.”

ரெண்டே நிமிஷம். அந்த முதல் சாவடியில் பாய்ந்து போகாமல் நின்றிருந்தால் இருபத்தெட்டு. எந்தின் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். மறுக்க ஒன்றுமில்லை.

“பேச்சு பேச்சுதான், காங். நேரத்துக்குள்ள முடிக்காதவங்க மேல போகக் கூடாது. அப்போ அழிங்க.”

“எத?”

“மேல்பலகைய. எட்டுப் பேரையும். உங்க பேரையும் சேத்து.”

யாரோ இருமினார்கள். ரோட்டில் கிழங்கு லாரிகள் இரண்டு ஏற்கெனவே வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“அது உனக்கு வெச்ச விதி,” என்றார் ஓதாங்.

“எனக்கு மட்டுமா? அத எல்லாருக்கும் கேக்கிற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேட்டில் இவள் விழுந்ததைப் பார்த்துச் சிரித்த எட்டுப் பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் எங்கேயாவது பிளாஸ்திரி இருந்தது. லாரி மறுபடி ஹாரன் அடித்தது. ஓதாங் சாக்கட்டியை எடுத்து, எட்டாவது பெயருக்குக் கீழே எந்தின் என்று எழுதினார். எழுத்து கோணலாக வந்ததால் அழித்து இன்னொரு முறை எழுதினார்.

“கடைசியாவா?”

“புதுசா வர்றவங்க கடைசி. அது எல்லாருக்கும் உள்ள விதி.”

“அப்படின்னா சரி.”

அவளுடைய முறை வரப் பத்தரை மணி ஆனது. எண்பது கிலோ எருவை ஏற்றிக் கட்டிக்கொண்டு மேல்பாதையில் திருப்பினாள்.